பல்லுப் பதிந்த கோப்பிக்கொட்டை

முரசுமோட்டை
24.11.1994

அன்பின் புனிதமலர் அக்கா,

வீரகத்தி அண்ணை மீன் லொறியை நிற்பாட்டாமல் உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார். சுகம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

வழமைபோல எங்கள் தோட்டத்துக் கோப்பிக்கொட்டை. பதினெட்டு மரத்துக் காயும் இந்த ஒரு சாக்குக்குள் இருக்கிறது. மழைக்குள் காயவைக்க மூன்று கிழமை வேண்டுமென்று அம்மா முணுமுணுத்துக்கொண்டு திரிந்தா. நான் நாலே நாளில் முடித்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது வீண்போகவில்லை. கடல் அடித்து வள்ளம் இறங்காத மாதங்களில் உங்கள் வீட்டில் அடுப்பெரிவது நீங்கள் வறுத்து இடித்து விற்கிற இந்த மாரிக் கோப்பியால்தானே. பிந்தி அனுப்பி என்ன பயன்?

மரியநேசன் அண்ணையிடம் சொல்லுங்கோ, நெருப்பு ஒரே அளவாக எரியவேண்டும். மூக்கை நம்பி வறுக்கிற காலம் போய்விட்டது. சாக்கை மீன்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாமென்று வீரகத்தி அண்ணைக்கும் சொன்னேன். "உன்ரை கோப்பியாலை என்ரை மீன் நாறாட்டிச் சரி" என்கிறார்.

தம்பி
பிரதாபன்


அளம்பில்
5.1.1995

அன்புள்ள தம்பி பிரதாபனுக்கு,

மாதாவின் துணையால் இருக்கிறோம். கடல் இன்னும் அடங்கவில்லை. அம்மாவின் கால் உளைவு எப்படி?

உம்மிடம் ஒன்று கேட்கவேண்டும். தூள் போன வீடுகளிலிருந்தெல்லாம் திரும்பி வருகிறது. முதலில் நேசமலர் ரீச்சர் கொண்டுவந்தா. "குறை நினையாதை புனிதம், ஈரச் சாக்கு ஊறின தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றா. நானும் ஊற்றிக் குடித்தேன். உண்மைதான். வேர்க்கொம்பு, மல்லி, மிளகு எல்லாம் வழக்கமான அளவுதான் போட்டேன். இருபது வருசமாக இவர் வறுக்கிறார், நான் இடிக்கிறேன். ஒருநாளும் இப்படி நடந்ததில்லை. வறுக்கையில் மணம் தெரியவில்லையோ என்று கேட்டேன். "தெரிஞ்சது. கொட்டையிலைதான் ஏதோ எண்டு யோசிச்சனான்" என்கிறார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. தன் பிழைக்குக் கொட்டையைச் சாட்டுவதோ?

நீர் படித்த பிள்ளை. முகம் பாராமல் சொல்லும். கொட்டையிலா பிழை, வறுவலிலா? நீர் எதைச் சொன்னாலும் நம்புவேன்.

அக்கா
புனிதமலர்


முரசுமோட்டை
13.1.1995

அன்பின் அக்கா,

கேட்டபடியால் சொல்கிறேன். கொட்டையில் பிழையில்லை. வறுவலில்தான். வெளியே கருகி உள்ளே வேகாவிட்டால் இப்படித்தான் மணக்கும். அண்ணைக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. சுருட்டும் ஓயாமல் பிடிக்கிறார். மூக்கு மந்தமாகியிருக்கும். அது அவருக்கே தெரியவராது. வயது போனால் எல்லாருக்கும் வருவதுதான். அடுத்த மாரிக்கு நீங்களே வறுங்கோ.

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. அரிசி மில்லில் மெசின் பழுதாகி நிற்கிறது. நான் போகவேண்டும்.

பிரதாபன்


அளம்பில்
17.2.1995

அன்புள்ள தம்பிக்கு,

உமது கடிதத்தை இவருக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். சுருட்டுக் கட்டை எடுத்து அடுப்புக்குள் போட்டார். அன்றிலிருந்து பிடிக்கவில்லை. நல்லதுதானே என்று நினைத்தேன். இப்போது பயமாக இருக்கிறது.

காற்றை மணந்தே மழை சொல்லுகிற மனிதர், விடிய எழும்பி வாசலில் நின்று, "மழை வருமோ புனிதம்?" என்று என்னைக் கேட்கிறார். கதை கரைக்கும் எட்டி, இளந்தாரிகள் இவரின் கண்ணைப் பொத்திவிட்டு, "மரியநேசண்ணை, இது இறாலோ சுறாவோ, மணந்து சொல்லுங்கோ" என்று பகிடி பண்ணுகிறார்களாம். அவரும் சேர்ந்து சிரிக்கிறாராம். "காத்துத் தெரியாதவன் மற்றவனையும் கொண்டுபோய்க் கடலிலை விட்டிடுவன்" என்று சொல்லி, பங்குனி பிறக்க வள்ளத்தையும் வலையையும் தன் தம்பி பாலனுக்குக் கொடுக்கப்போகிறார். நான் சொல்லிக் கேட்கவில்லை.

உம்மில் குறையில்லை. நீர் உள்ளதைத்தான் எழுதினீர். அம்மாவுக்குக் கொஞ்சம் பாரைக் கருவாடு வீரகத்தியிடம் கொடுத்துவிட்டேன். நீரும் சாப்பிடும்.

அக்கா
புனிதமலர்


முரசுமோட்டை
18.3.1995

அன்பின் புனிதமலர் அக்காவுக்கும் மரியநேசன் அண்ணைக்கும்,

இந்தக் கடிதத்தையும் உரத்து வாசியுங்கோ.

பிழை கொட்டையில்தான். மில்லில் நெல் அவிக்கிற உமி அடுப்புக்கு மேலே தகரம் விரித்துக் காயவைத்தேன். வெளியே கலகலவென்று காய்ந்தது. உள்ளே ஈரம். அப்படியே பொலித்தீன் போட்ட சாக்கில் இறுக்கிக் கட்டினேன். அதற்குள் புளித்துவிட்டது. நாலாம் நாள் அம்மா ஒரு கொட்டையைக் கடித்து, "பல்லுப் பதியுதடா, இன்னும் காயேல்லை" என்றா. "உங்கட பல்லென்ன மீற்றரோ?" என்று கேட்டேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே வீட்டில் மிஞ்சிக் கிடந்த கொட்டையை உடைத்துப் பார்த்தேன். உள்ளே கறுத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணையின் மூக்கைப் பற்றி எழுதினேன். தெரிந்துகொண்டே எழுதினேன்.

கருவாட்டை அம்மா பொரித்தா. என்னால் தின்ன முடியவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்து ஒரு மாதத்தைப் போக்கிவிட்டேன். வேறொருவன் இப்படிச் செய்திருந்தால் அவன் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன்.

அண்ணையின் மூக்கில் ஒரு குறையுமில்லை. வள்ளத்தைக் கொடுக்கவேண்டாம். கடைசியாகப் பறித்ததில் மூன்று கொத்து அளந்து அனுப்புகிறேன். இருபத்திரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. அம்மா கடித்துப் பார்த்தா.

நேரில் வந்து மன்னிப்புக் கேட்கட்டோ?

பிரதாபன்


அளம்பில்
19.4.1995

தம்பி பிரதாபனுக்கு,

நீங்கள் சொன்னபடி உரத்து வாசித்தேன். மீற்றர் என்ற இடத்தில் இவர் சிரித்தார். முடிந்ததும் எழும்பிக் கரைக்குப் போய்விட்டார்.

வள்ளம் பங்குனி முதல் நாளே பாலனுக்குப் போய்விட்டது. நீங்கள் இதை எழுதியதற்கு மூன்று நாள் முன்னம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மனிதரில்லை இவர். இப்போது அதே வள்ளத்தில் பாலனுக்குப் பின்னால் இருந்து வலை இழுக்கிறார்.

மூக்கு மந்தமென்று நீங்கள் எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டியதும் என் வாய்தான். இருபது வருசம் கூட இருந்தவர், கொட்டையில் ஏதோ என்று சொன்னார். நான் அவரை விட்டுவிட்டு ஒரு தாளை நம்பினேன். பெரிய வெள்ளிக்கு முதல் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அதைச் சொல்லி அழுதேன். உங்கள் பங்கை நான் சொல்ல முடியாது.

திரும்பி வந்த தூளைத் தவக்காலம் முழுக்க இவர்தான் குடித்தார். "ஒறுத்தலுக்கு இதைவிட வேறை என்ன வேணும்?" என்று பகிடி வேறு. உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, உங்கள் புதுக் கொட்டையில் ஒன்றை எடுத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. சட்டியை இறக்கி அடுப்பு மூட்டினார். தெருவால் போன நேசமலர் ரீச்சர் படலையடியில் நின்றுவிட்டா.

அடுத்த மாரிக்கும் உங்கள் அம்மாவிடம்தான் கொட்டை எடுப்போம். வீரகத்தியிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கோ. நீங்கள் வரவேண்டாம். முகம் கொடுத்துக் கதைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இவர் வறுத்ததில் ஒரு சரை தூள் உங்களுக்கென்று கட்டித் தந்தார். நான் வேண்டாமென்றேன். கேட்கவில்லை. குடித்துவிட்டு எப்படியென்று எழுதவேண்டாம். அவருக்குத் தெரியும்.

புனிதமலர்