நான் மறைத்த தம்பி

செவிலிமேடு
17.8.2003

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் பேத்தி சிம்ரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது உன்னிடம் அப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டதாக வைத்துக்கொள். பட்டுக்கடைக்காரர் வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போட்டாயிற்று, மீதி வேலையைக் குப்புசாமி மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டேன். உன் அம்மா உனக்குக் கொடுத்தனுப்ப வற்றல் காயவைக்கிறாள், தினமும் மூன்று மணிக்கு மழை வந்துவிடுகிறது, அவள் மேகத்தைத் திட்டிக்கொண்டே முறத்தை உள்ளே எடுக்கிறாள். நான் பீடியை விட்டுப் பன்னிரண்டு நாளாகிறது.

புதன்கிழமை பக்கத்து வீட்டுப் போனுக்கு நீ கூப்பிட்டு, எல்லாரிடமும் எடுத்த ரத்தத்தில் என்னுடையதுதான் குழந்தைக்குப் பொருந்துகிறது, என் எலும்பு மஜ்ஜையைத்தான் அவளுக்கு ஏற்றப் போகிறார்கள் என்று சொன்னாய். "நீதாம்பா எம் பொண்ணுக்கு சாமி" என்று சொல்லி அழுதாய். நான் லைன் சரியில்லை என்று ரிசீவரை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்ன அந்த வார்த்தை நான்கு நாளாக என்னை அறுக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நாங்கள் பம்பாய் வந்திருந்தபோது டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார்களே, மாப்பிள்ளை தமிழில் சொன்னாரே. எலும்பு என்றால் ஒருதரம் கட்டி முடித்த சுவர் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், பழையதைக் கரைப்பதும் புதியதை வைப்பதும் ஆயுசு முழுக்க நடக்குமாம். கரைக்கிற உயிரணு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்தோடு வருமாம். தனித்தனியாக வருகிறவை எலும்பின் மேல் கூடி, ஒன்றோடொன்று கலந்து, ஒரே பெரிய அணுவாகி, எலும்போடு ஒட்டிக்கொண்டு அமிலம் விட்டுக் கரைக்குமாம். நம் குழந்தைக்கு அவை கூடிச் சேர்கின்றன, ஆனால் வேலை செய்வதில்லை. கொத்தனாருக்கு இது புரியாமல் போகுமா? பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல் மேலே மேலே பூசினால் சுவர் தடிக்கும், பலம் இருக்காது, ஜன்னல் குறுகிவிடும். அப்படித்தான் அவள் எலும்பு தடித்துக் கண்ணுக்குப் போகிற நரம்பை நெருக்குகிறது. நல்ல மஜ்ஜை உள்ளே போனால் வேலை செய்கிற அணுக்கள் வருமாம். அப்போது டாக்டரம்மா, குடும்பத்தில் இதற்கு முன் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். உன் மாமியார் சம்பூர்ணம் "அப்டி யாரும் இல்லீங்கம்மா" என்றாள். என் தங்கைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் இல்லை என்றே தலையாட்டினேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், மாணிக்கவாசகம். சம்பூர்ணம் பிறப்பதற்கு முன்பே போய்விட்டான். தலை பெரிது, வெளிச்சத்தில் கண் நிற்காது. எனக்கு எட்டு வயது, ஒருநாள் அவனைக் கையைப் பிடித்துத் தூக்கினேன், கை ஒடிந்துவிட்டது. ஒன்றரை வயதில் செத்துப்போனான். மாந்தம் என்று ஊருக்குச் சொன்னார்கள். இது வெளியே தெரிந்தால் நம் வீட்டில் யாரும் சம்பந்தம் செய்யமாட்டார்கள் என்று என் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்த நோயில் எலும்பு தடித்தும் சட்டென்று ஒடியும் என்று டாக்டரம்மா சொன்னபோதுதான், அவன் கையை நான் ஒடிக்கவில்லை என்று தெரிந்தது. பேத்தி எதிரே கிடக்கிறாள், எனக்கோ நிம்மதி வந்ததம்மா. அதற்கும் வெட்கப்படுகிறேன். சிம்ரனைக் கையைப் பிடித்துத் தூக்க யாரையும் விடாதே, நர்ஸாக இருந்தாலும் சொல்.

தென்னேரியிலிருந்து ஒரு வாத்தியார் பையனுக்கு உன்னைக் கேட்டு வந்தார்கள். உனக்கும் பிடித்திருந்தது. "கோதண்டபாணி கூடவே வளந்தவம்பா, வேணாம்பா" என்றாய். என் தங்கை மகன் இருக்கும்போது சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். உண்மை அது இல்லை. வெளியில் கொடுத்தால் நாலு இடத்தில் விசாரிப்பார்கள், தம்பி விஷயம் வெளியே வரும், அத்தை வீட்டில் யார் விசாரிக்கப் போகிறார்கள் என்றுதான் உன்னை அங்கே கொடுத்தேன். தாய் தகப்பன் இரண்டு பக்கமும் குறை சேர்ந்தால்தான் இந்த நோய் வரும் என்று டாக்டரம்மா சொன்னதை மாப்பிள்ளை எங்களுக்குச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். குனிய வேண்டியவன் நான். பிள்ளை தங்கமானவர், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்கு வந்து நீ இங்கே இருந்தபோது, குழந்தைக்கு நாலாம் மாதம், "கொயந்த வெளக்க பாக்க மாட்டேங்குதுப்பா" என்றாய். எனக்கு அப்போதே மாணிக்கம் ஞாபகம் வந்தான், அவன் கண் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் "சிலதுக்கு கண்ணு நிக்க நாளாவும்மா" என்றேன். நீ என்னை நம்பி மேலும் நாலு மாதம் சும்மா இருந்தாய். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம் என்கிறார்கள். அந்த நாலு மாதத்தை உன் பெண்ணிடமிருந்து எடுத்தவன் நான்.

டாக்டரம்மாவிடம் மாணிக்கத்தைப் பற்றி ஒன்று விடாமல் சொல், அடுத்த குழந்தைக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாப்பிள்ளையிடமும் சொல். உன் அம்மாவிடமும் சம்பூர்ணத்திடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். இருபத்தொன்பதாம் தேதி அரக்கோணத்தில் ரயில் ஏறுகிறேன். மஜ்ஜை கொடுத்து முடித்த பிறகு இதைச் சொல்லியிருக்கலாம், அப்போது நீ என்னை மன்னித்தே ஆக வேண்டியிருக்கும். அதனால்தான் முன்னாலேயே எழுதுகிறேன்.

காமாட்சி உன் குழந்தைக்குத் துணை இருக்கட்டும், நீ தீர்க்காயுசாக இரு. வேளைக்குச் சாப்பிடு, வார்டில் வெறுந்தரையில் படுக்காதே. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பார்க்க வேண்டாம், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மஜ்ஜை எடுக்க நான் எப்போது படுக்க வேண்டும் என்று மட்டும் யாரையாவது விட்டுச் சொல்லி அனுப்பு.

உன் அப்பா,
காசிநாதன்