என் மஞ்சள் காயை வெட்டியவளுக்கு

கோபமா, எனக்கா? நன்றாகக் கேட்டாய் போ, சின்னவளே. என் காயை வெட்டிவிட்டு, அக்காவுக்குக் கோபம் வந்திருக்குமோ என்று நீ தவிக்கிறாயாம். உன் மகள் நேற்று போனில் சொன்னாள். உன்னிடமே பேசலாம் என்றால் ஒரு 'ம்' போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் சாமி புண்ணியத்தில் சுகம். நீயும் மகள், மருமகனோடு சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் கும்பிடுகிறேன். உன் அத்தானுக்கு முழங்கால் இன்னும் மடங்கவில்லை. வாய் மட்டும் நன்றாக நடக்கிறது.

முதலில் நாம் போனில் ஆடிய அந்த லூடோவை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நீ பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துபோய், அதுவாகவே உன் காயை நகர்த்தியது. இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும் உன்னை வெளியே தள்ளிவிட்டு, எனக்கு வெற்றி என்று திரை முழுக்கப் பூவைக் கொட்டியது. நீ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்றாயாம். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை என்று உன் மகள் அழுதாள். உன் வீட்டுக்காரர் போனதிலிருந்து நீ யாரிடமும் மனம்விட்டுப் பேசுவதில்லை. திறந்திருந்த ஒரு ஜன்னலையும் அந்தக் கடிகாரம் சாத்திவிட்டதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேரே முனையில் இருக்கிற போன் கடைப் பெண்ணிடம் போனேன். கடிகாரம் இல்லாத ஆட்டமாக ஒன்று கொடு தாயே என்றேன். பாவம், கடையில் கூட்டத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். செஸ்ஸில் குதிரை நடக்கிற நடை என் மண்டையில் ஏறவில்லை. சீட்டு என்றாலே சாமி கணக்குக் கேட்பார் என்று பயம். வார்த்தை கோக்கிற ஆட்டத்தைப் பார்த்தால் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அவளே, லூடோவே இருக்கட்டும், வேறு ஆப்பில் ஆடுங்கள் என்று சொன்னாள். அதில் நாம் கூப்பிடுகிறவர்கள் மட்டும்தான் வரலாம். ஒருத்தர் ஆடிவிட்டுப் போனை மூடிவிட்டால், அடுத்தவர் எப்போது வந்தாலும் காய் வைத்த இடத்திலேயே இருக்கும். சீக்கிரம், சீக்கிரம் என்று மணியடிக்காது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உன் அத்தானோடு ஆடிப் பார்த்தேன். பல் தேய்க்கவே அரைநாள் எடுத்துக்கொள்கிற மனுஷர், காலையில் ஒரு காயை நகர்த்திவிட்டு மறுநாள் சாயந்திரம்தான் அடுத்ததைத் தொட்டார். அவருக்கே முகம் சுளிக்காமல் காத்திருந்தது. சரி, இதுதான் என் தங்கச்சிக்கு என்று முடிவு செய்து உனக்கு அழைப்பு அனுப்பினேன்.

நீ வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்ததும் பார்ப்பேன், துணி உலர்த்திவிட்டு வந்து பார்ப்பேன். உன் முறை, உன் முறை என்றே காட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒருநாள் காய் ஒன்று நகர்ந்திருந்தது. அப்புறம் இன்னொன்று.

போன வாரம் என் மஞ்சள் காய் வீட்டுப் பாதைக்குள் திரும்ப ஒரே கட்டம் பாக்கி. உனக்கு ஐந்து விழுந்தது. வேறு காயை நகர்த்தி என்னை விட்டுவிட்டிருக்கலாம். பழைய ஆட்டத்தில் அப்படித்தானே செய்தாய், நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தாய்? இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்' என்கிறாய். கட்டிலை விட்டுக்கொடுத்தாய், ஜன்னலோர நாற்காலியை விட்டுக்கொடுத்தாய், பசியைக்கூட விட்டுக்கொடுக்கிறாய் என்று உன் மகள் சொல்கிறாள். அப்படிப்பட்டவள் என் காயை வெட்டி, நான் கிளம்பின இடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய்!

நான் போட்ட கூச்சலில் உன் அத்தான் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு நொண்டிக்கொண்டே ஓடி வந்தார், என்னவோ ஏதோ என்று. சின்னவ என் காயை வெட்டிட்டா என்றேன். அவர், "நல்லா வெட்டினாளா?" என்று கேட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோப்புப் பட்டுவிட்டதாம்.

ஆகையால் மன்னிப்புக் கின்னிப்பு ஒன்றும் வேண்டாம். என்மேல் இரக்கம் காட்டினால்தான் எனக்குக் கோபம் வரும். மெதுவாக வா. ஒரு வாரம் வரத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, ஆட்டமும் போகாது, அக்காவும் போகமாட்டேன். மதியம் பசித்தால் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல். சாமி உன் பக்கமே இருந்து, உனக்கு வேண்டியதே விழ வைக்கட்டும்.

உன்னிடம் தோற்கப் போகிற,
அக்கா

கவரை ஒட்டும்போதுதான் ஞாபகம் வருகிறது. உனக்குக் கல்யாணமான புதிதில் உன் வீட்டுக்காரர் என்னிடம் ஒன்று சொன்னார். உன்னோடு ஆடும்போது வேண்டுமென்றே தன் காயை உன் காய்க்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாராம். "வெட்டும்போது அவ சிரிப்பா அண்ணி, அதுக்காகத்தான். அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.