டைகருக்கு வந்த பார்சல்

ஜபல்பூர்
3.6.1991

எத்திராஜுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆவடிக்கு லீவில் போய்வந்த ரகுநாதன் எல்லாவற்றையும் சொன்னான். இதயம் வீங்கிய நாய்க்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்க, நீயும் உன் வீட்டுக்காரி வடிவும் மருதம்பட்டைக் கஷாயம் ஊற்றுகிறீர்களாமே? மாற்றல் வந்து ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, வெள்ளானூர் வரை நடந்து வந்து டைகரை உன் கையில் பிடித்துக் கொடுத்தேன். அந்த நம்பிக்கைக்கு இதுதான் மரியாதையா?

தூத்துக்குடியிலிருந்து என் அக்கா அனுப்பிய கருவாட்டுப் பார்சல் வந்ததா? முன்பே எழுதியதுபோல் மாத்திரையை அதில் பொதிந்து கொடு. இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டான்.

மனவருத்தத்துடன்,
ஜேம்ஸ்

வெள்ளானூர்
11.6.1991

மச்சான் ஜேம்ஸ்,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் வடிவு என்ன சொன்னாள் தெரியுமா? "பெத்த புள்ளைக்கே நான் இப்டி வேளாவேளைக்குப் பாத்ததில்ல. அந்தாளு அங்க குந்திகினு நம்மள கேக்குறாரா?" அவள் கேட்டது நியாயம். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. பட்டையை டாக்டரம்மாவிடம் கேட்டுத்தான் கொடுக்கிறோம். அதனால் குணமாகும் என்று நான் சொல்ல மாட்டேன், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். கடையில் யாரோ தலையில் கட்டப் பார்த்த சத்து டானிக்கை வேண்டாம் என்றதும் அவர்தான். ரகுநாதன் இதைச் சொன்னானா?

ஆனாலும் இருமல் குறையவில்லை. வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. சனிக்கிழமை மறுபடி கூட்டிப் போகிறேன். பார்சல் போன மாதமே வந்துவிட்டது. மூன்று வேளையும் கருவாட்டில் வைத்துத்தான் கொடுக்கிறோம்.

எத்திராஜ்

வெள்ளானூர்
20.6.1991

ஜேம்ஸ்,

டாக்டரம்மா இந்த முறை பட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாத்திரைய எதுல வெச்சுக் குடுக்கறீங்க?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நோய்க்கு உப்பே ஆகாதாம். மாத்திரை வெளியேற்றும் நீரை உப்பு மறுபடி சேர்த்துவிடுமாம். அத்தனை பேர் முன்னால் நான் திட்டு வாங்கினேன். பட்டைக்காக என்மேல் பாய்ந்தாயே, உன் பார்சலுக்கு யாரிடம் போய்ப் பாய்வது? கேட்காமல் கொடுத்த நானும் முட்டாள்தான். ஆனால் எழுதியது நீ.

கருவாட்டை நிறுத்தியாயிற்று. வயிறு கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஆனால் மாத்திரையைத் துப்பிவிடுகிறான். ஈரலை உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுத்துப் பார்த்தோம். முகர்ந்துவிட்டு வாசல் கேட்டைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். நேற்று என் கையைக் கடித்தும் விட்டான்.

எத்திராஜ்

ஜபல்பூர்
27.6.1991

அன்புள்ள எத்திராஜுக்கு,

ஒன்பது வருஷம் என் தட்டிலிருந்து தினமும் அவனுக்கு ஒரு துண்டு கருவாடு போட்டிருக்கிறேன். அவன் வாலாட்டுவதைப் பார்க்கத்தான். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லாதே. சொன்னாலும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதாதே.

கடிபட்ட கைக்கு ஊசி போட்டுக்கொண்டாயா? தங்கச்சி வடிவிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். லீவு கிடைத்துவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். பார்சல் இனி வேண்டாம் என்று அக்காவுக்கும் எழுதிவிட்டேன். மாத்திரையை நானே கொடுத்துப் பார்க்கிறேன்.

வெறுங்கையோடுதான் வருகிறேன். அவன் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவனை ஒன்றும் சொல்லாதே. என்னைத் திட்டு.

ஜேம்ஸ்