மாதிரி வீட்டு வாசலில் உன் மோட்டார்சைக்கிள்

இன்று காலை மாணவர்களோடு ஒரு புது வீட்டுக்குள் நுழைந்தேன். ஈரச் சிமெண்டும் பெயிண்டும் கலந்த வாடை. அவர்கள் சுவரை அளக்கத் தொடங்கினார்கள்; எனக்கோ உன் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், கட்டடக்கலை விரிவுரையாளராக நான் நம் ஊரான கோலா சிலாங்கூருக்குத் திரும்பி வந்தபோது, நீ பிறந்த தோட்டத்திலேயே செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தாய். தோட்டத்தை விற்றுத் தரைவீடுகள் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. கட்டினால் லயத்து வரிசைவீடுகளின் ஜனம் எங்கே போகும் என்பதுதான் என் ஆய்வு. பள்ளித்தோழன் என்ற உரிமையில் உன்னை அழைத்தேன். நீ முன்னால் நடந்தாய்; கதவுகள் திறந்தன.

நஷ்டஈடு வேண்டாம், மாற்று வீடு கொடுத்தால்தான் காலி செய்வோம் என்று லயத்து ஜனங்கள் நம் இருவரிடம் மட்டும் சொன்னார்கள். மறுவாரமே அது வீடு கட்டும் நிறுவனத்தின் காதுக்கு எட்டியிருந்தது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்படியானால் யார்?

அந்தச் சனிக்கிழமை, டவுனில் அந்நிறுவனத்தின் மாதிரி வீட்டு வாசலில் உன் மோட்டார்சைக்கிள் நின்றது. விற்பனை ஆளோடு சிரித்துப் பேசியபடி நீ வெளியே வந்தாய். பஸ்ஸில் இருந்த என்னை நீ பார்க்கவில்லை.

பிறகு லயத்துக்குத் தனியாகவே போனேன். நீ வரவில்லையா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்மேல் அவர்களுக்குச் சந்தேகம்.

கடைசியில், ஆற்றோரத்து ஒட்டுக்கடையில் உன்னிடம் நேராகவே கேட்டேன்: அந்த மாதிரி வீட்டில் உனக்கென்ன வேலை? நீ தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாய்.

"வீடு பாக்கப் போனேன்டா. எனக்குத்தான்."

தோட்டமே போனபின் வேலை ஏது, எந்த வங்கி கடன் தரும் என்றேன்.

"எங்கள வெளிய தள்ளுறாங்கன்னு நீ எழுது. நான் உள்ள போகப் பாக்குறேன்லா. லயத்துல பொறந்தவன் தரைவீட்டுல இருந்தா உன் ஆராய்ச்சி கெட்டுடுமா?"

இருவர் தேநீருக்கும் நானே காசு வைத்தேன். ஆனாலும் உன்னை முழுதாக நம்பவில்லை. சேதியைக் கொண்டுபோனது யார் என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

சில வாரங்களில் வங்கி கையை விரித்தது. தோட்டம் மூடப்போகிறது, வேலை நிலையில்லை என்றார்களாம். நீ பார்த்து வைத்த வீட்டைக் கிள்ளான்காரர் ஒருவர் வாங்கினார். நீ குடும்பத்தோடு ரவாங்கில் வாடகைக்குப் போனாய். தேடி வந்தபோதெல்லாம் நீ வீட்டில் இல்லை என்றார்கள். வெட்கப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, உன் கருமாதியன்று, உன் மனைவி காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒன்னு கேக்கலாமா அண்ணே? தோட்டம் மூடப்போற விசயத்தப் பேங்குக்குச் சொன்னது நீங்கதானே? அவரு கடைசிவரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

இல்லை என்றேன். தலையாட்டினார். நம்பினாரா, தெரியவில்லை.

நான் சொல்லவில்லை, நண்பா. நீயும் அந்நிறுவனத்திடம் சொல்லியிருக்க மாட்டாய் என்று இப்போது நினைக்கிறேன், நினைக்கத்தான் முடிகிறது. இன்றும் ஆய்வுக்காக யார் வீட்டிலாவது உட்கார்ந்து கேள்வி கேட்டால், பதில் சொல்பவர் நடுவில் நிறுத்தி என் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். அப்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.