நாலு கடைக் கொத்து

திருகோணமலை
12.2.1979

மச்சானுக்கு ஸலாம்.

எட்டு மாதத்துக்குப் பிறகு சவூதியிலிருந்து உங்கள் கடிதம் வந்தது. நம் பிள்ளைகள் சுகமா என்று ஒரு வரி இல்லை. நான் ஹோட்டல்களில் ஆம்பிளைகளுக்கு நடுவே குந்தியிருந்து கொத்துரொட்டி தின்கிறேனாம், உங்கள் மானம் போகிறதாம். உங்கள் கூடப்பிறந்த மூத்தவர், காக்காதான் எழுதியிருப்பார்.

ஓம், தின்றேன். நாலு கடையில் தின்றேன். உங்கள் காக்கா எட்டிப் பார்த்தது மூன்றாவது கடையில்.

பஸ் நிலையத்தடியில் ரொட்டியைச் சூட்டோடு கொத்திக் களியாக்குகிறார்கள். கடைத்தெருவில் வெறும் காரம். துறைமுக வாசலில் இறைச்சியைத் தேட வேண்டும். மீன் சந்தைக் கடைதான் திறம். காலையில் சுட்டு ஆறவைத்த ரொட்டி. ஆணக் குழம்பைக் கடைசியில்தான் ஊற்றுகிறார்கள். உங்கள் கொத்து அதைவிடத் திறம், அதை நான் மறைக்கவில்லை.

ஏன் தின்றாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் பூட்டிவிட்டுப் போன கொத்துக் கடையை இந்த வெள்ளிக்கிழமை திறக்கிறேன். பெண்கள் இருந்து சாப்பிட உள்ளே ஒரு மேசை போட்டிருக்கிறேன். காக்காவுக்கும் ஒரு பீங்கான் கொத்து உண்டு. வாசலில் போட்ட வாங்குப் பலகையில் இருந்து தின்னட்டும்.

நேற்று அலுமாரியிலிருந்து உங்கள் கொத்துத் தகடுகள் இரண்டையும் எடுத்து ரொட்டிக் கல்லில் கொத்திப் பார்த்தேன். நம் கடைச் சத்தம் தெருவுக்கே தெரியும்தானே. அடுத்த வீட்டு அசனா வேலியடிக்கு ஓடிவந்தாள்.

"ராத்தா, மச்சான் வந்திட்டாரா?"

"இல்ல, நான்தான் கொத்துறன்" என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் உம்மா