வாசலில் நிற்கிற வண்டி

செப்டம்பர் 22

இன்றும் ஒரு தேங்காய் விழுந்தது. வண்டியின் மேல் இல்லை, ஒரு முழம் தள்ளி. சத்தம் கேட்டுச் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடினேன். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வண்டியா, தரையா?" என்று கேட்டாள்.

"தரை."

"அப்ப வந்து சாப்புடு."

மின்சார வண்டி எங்கள் மகளிர் குழுவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பார்க்கக் குட்டியானை லோடு வண்டி மாதிரிதான் இருக்கும். சத்தம் இல்லாததால் ஊரில் அதற்கு ஊமை வண்டி என்று பெயர். குழுவின் கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் அதில்தான் குடவாசல் சந்தைக்குப் போகிறது. ஓட்டுவது என் அம்மா காத்தாயி. அப்பா இருந்தவரை அவள் சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை. இப்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தால் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நடவுக்குக் குனிந்தே பழகிய முதுகு அந்த சீட்டில் நிமிர்ந்திருக்கிறது. நான் கவனித்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னதில்லை.

வண்டி இன்னும் எங்களுடையது ஆகவில்லை. கும்பகோணத்து நிறுவனம் ஒன்று கொடுத்திருக்கிறது. பொங்கல் வரை ஒழுங்காக ஓடினால் எங்களுக்கே. கெட்டுப்போனால், கொட்டகை வைத்திருக்கிற திருவையாறு குழுவுக்குப் போய்விடும். எங்களிடம் கொட்டகை இல்லை. சார்ஜ் போடுகிற இணைப்பு எங்கள் வீட்டில் இருப்பதால், தென்னைக்கும் ரோட்டுக்கும் நடுவில், வெயிலோ மழையோ, எங்கள் வாசலிலேயே நிற்கிறது.

குழுத் தலைவி தர்மாம்பாள் அத்தை கூட்டத்தில், "கலை, நீ பிசிக்ஸ் படிச்சவ. வண்டிய நீ பாத்துக்க" என்றார். தலையாட்டினேன். நான் எதற்கும் தலையாட்டுவேன்.

செப்டம்பர் 25

வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை மறுபடி படித்தேன். கூரையுள்ள இடத்தில் நிறுத்தவும் என்கிறது. நேரடி வெயிலைத் தவிர்க்கவும் என்கிறது. எழுதியவர் எங்கள் வாசலைப் பார்த்ததில்லை. மதியம் வண்டி திரும்பி வந்ததும் கை வைத்தால் தோசைக்கல். சூடு ஆறிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஓடியாந்த மாட்டுக்கு ஒடனே தண்ணி காட்டக் கூடாதுல்ல, அந்த மாதிரியா?"

அந்த மாதிரிதான்.

மழையில் நனைந்தபடி சார்ஜ் போடலாமா? கேட்டுவிடலாம் என்று நிறுவனத்துக்கு போன் செய்தேன். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான். "ஹலோ, யாருங்க?" என்று ஆண் குரல் வந்தது. வைத்துவிட்டேன். கல்லூரியில் என் முறை வருகிற செமினார் அன்று மட்டும் காய்ச்சல் வருமே, அதே நான். பட்டம் வாங்கியும் தொண்டை மாறவில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்த சத்தத்தைவிடப் பழம் நசுங்கிய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

தர்மாம்பாள் அத்தை கரைத்த சந்தனம், குங்குமத்தோடு ஒவ்வொரு இடமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி, விளக்கு, கதவு. பிறகு சார்ஜ் போடுகிற வாயின் மூடியைத் திறந்தார். "இதுதானே இதுக்கு சோறு போற வழி?" வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. கையைக் குறுக்கே வைத்துவிட்டேன். சந்தனமும் குங்குமமும் என் புறங்கையில்.

"என்னடி, பூச ஒனக்கா?"

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். வண்டி தப்பியது. ஆனால் ஒரு வார்த்தைக்குப் பதிலாக எத்தனை நாள் இப்படிக் கையை நீட்டிக்கொண்டிருப்பேன்?

அக்டோபர் 9

மரம் ஏறுகிறவர் வந்து காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட்டார். மேலே இருந்த ஒரு கவலை குறைந்தது. அதற்கும் மேலே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 22

தீபாவளியிலிருந்து மழை. ஓட்டில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. மூடி சரியாக மூடியிருக்கிறதா? கண்ணாடி ஏற்றியிருக்கிறதா? எழுந்து போய்ப் பார்க்கிறேன், வந்து படுக்கிறேன், பார்த்ததையே நம்பாமல் மறுபடி போகிறேன். "ஒனக்குக் கால்ல என்ன சக்கரமா?" என்கிறாள் அம்மா.

இன்று தர்மாம்பாள் அத்தை தன் பெரிய தார்ப்பாயைக் கொடுத்து அனுப்பாமல் தானே தலையில் வைத்துத் தூக்கி வந்தார். குறுவை நெல் காயவைத்தது. பிரித்தபோது மடிப்பிலிருந்து நெல்மணிகள் சிதறின. நான் உதறப் போனேன். என் கையில் தட்டினார்.

"நெல்லு காஞ்ச தார்ப்பாய வெறுமையா மடிப்பாங்களா? நாலு மணியாவது தங்கணும்."

எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். அம்மாவும் அப்படித்தான் மடிப்பாள். தலை முதல் சக்கரம் வரை மூடி, நாலு பக்கமும் கட்டினோம். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றது. அழகாகத்தான் இருந்தது என் கண்ணுக்கு.

அக்டோபர் 23

தூங்கினேன்.

நவம்பர் 2

தார்ப்பாய்க்கு அடியில் வியர்த்திருக்கிறது. கண்ணாடியில் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக நீர். மூடியதால் காயவில்லையோ? திறந்தால் மழை. மூடினால் புழுக்கம். தினம் காலையில் அம்மா வண்டியை எடுத்த பிறகும் ஏதோ ஒரு வாடை வாசலில் நிற்கிறது. நனைந்த சாக்கு வாடை மாதிரி. என்னவென்று தெரியவில்லை. எனக்குத்தான் எல்லாமே சந்தேகமாகப்படுகிறது.

நவம்பர் 8

நின்றுவிட்டது. குடவாசல் போகிற வழியில், கத்தரிக்காய் மூட்டைகளோடு, நடு ரோட்டில்.

முதலில் மீட்டரில் மஞ்சளாக ஆமைப் படம் வந்திருக்கிறது. மெதுவாகப் போ என்று அர்த்தம். வீட்டுப் பக்கம் ஆமை என்றாலே அம்மாவுக்கு ஆகாது. இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி எடுத்திருக்கிறாள். நாலு அடி. அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ்காரர், "எறங்கித் தள்ளும்மா, சாவி குடுக்குற பொம்மைதானே" என்று கத்தியிருக்கிறார். காய் வேறு வண்டியில் போனது. ஊமை வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள்.

அம்மா எதையும் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்கிறது.

நவம்பர் 10

நிறுவனத்திலிருந்து நெடுமாறன் சார் வந்தார். கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையால் வாங்குகிறவர். மீட்டரைப் பார்த்தார், படம் எடுத்தார். அம்மாவிடம், "இது டிராக்டர் இல்லீங்கம்மா, ஏறி மிதிக்கிறதுக்கு. லேடீஸ் கைக்குப் பழக நாளாகும். நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். மெக்கானிக்கோடு வருகிறார். வண்டி அன்றே திருவையாற்றுக்குப் போகலாம்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா எப்படி ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியாதா? பள்ளத்தில் இறக்கும்போதுகூட முட்டைக் கூடையைத் தலையில் வைத்திருக்கிற மாதிரி ஓட்டுவாள். சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல? ஏன் நான் இப்படி இருக்கேன்?

நவம்பர் 12

நடவுக்குக் கட்டுகிற பழைய புடவையை அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, "களைக்கு ஆள் கேட்டிருக்காங்க" என்றாள்.

நவம்பர் 13

மழை விட்டிருந்தது. தார்ப்பாயின் முடிச்சுகளை அவிழ்த்தேன். உள்ளே ஏதோ ஓடியது. முன் மூடியைத் தூக்கிப் பார்த்தால், மூலையில் ஒரு கூடு: வைக்கோல், பஞ்சு, தார்ப்பாயின் நீல நார். சுற்றிலும் உமி. கை நிறைய உமி. எலிப் புழுக்கை. தடித்த ஆரஞ்சு வயர்கள் முழுசாக இருந்தன. அவற்றில் கை வைக்கக் கூடாது என்று கையேட்டில் படித்திருக்கிறேன். எதையும் தொடவில்லை. பக்கத்தில் நூல் மாதிரிப் போன ஒரு சின்ன வயர் கடித்துத் துண்டாகத் தொங்கியது.

வயல் முழுக்கத் தண்ணீர். வரப்பில் வளை தோண்டியிருந்த எலிகள் எங்கே போகும்? நாங்கள் ஒரு வீடு கட்டி, மழை படாமல் மூடி, மடிப்பு மடிப்பாக நெல்லும் வைத்திருக்கிறோம்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முன் மூடியைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னாள்: "கூட்டத்துல இதச் சொல்லாத."

"ஏம்மா?"

"தர்மாம்பா அக்கா குடுத்த தார்ப்பா. அக்கா சொன்னதாலதான் ஒதறல. அத்தன பேரு முன்னாடி அவங்க தல குனியணுமா? என்னய சீட்டுல ஒக்கார வச்சதே அவங்கதான். ஓட்டத் தெரியலன்னு எம்மேலயே போவட்டும்."

நவம்பர் 15

நாளைக்குக் கூட்டம். சொன்னால் அத்தை. சொல்லாவிட்டால் அம்மா. வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். எதிர்க் கடை மீரா உசேன் மாமா, "என்ன புள்ள, நீ நடக்குற நடைக்கு நாகூரே போயிருக்கலாம்" என்கிறார். சிரிக்கக்கூட முடியவில்லை.

நவம்பர் 16

எழுத்து கோணலா வருது. பரவால்ல.

கூட்டம் எங்கள் வாசலிலேயே. நெடுமாறன் சார் நாற்காலியில், பெண்கள் எல்லாம் பாயில். ஓட்டுநர் பயிற்சி, இயக்கும் முறை என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, எனக்குத்தான் சரியா வரலீங்க" என்றாள். அந்த "வரலீங்க" என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்துவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். பேச்சு வரவில்லை. மடித்து வைத்திருந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்து, நடுவில் விரித்து, என் பலம் கொண்ட மட்டும் உதறினேன். நெல், உமி, புழுக்கை எல்லாம் பாயிலும் சாரின் செருப்பிலும் விழுந்தன.

"என்னம்மா இது?" என்றார் சார்.

"சார்... ஓட்டுனது காரணம் இல்ல சார். மூடுனதுதான் காரணம்." என் குரல்தானா? "நாங்க நல்லதுன்னு நெனச்சு மூடுனோம். எலி உள்ள வந்துருச்சு. முன் மூடியத் தொறந்து பாருங்க."

மெக்கானிக் திறந்தார். கூட்டை எடுத்தார். கடிபட்ட வயரைத் தூக்கிக் காட்டினார். "சென்சாருக்குப் போற வயர் சார். ஓட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பேட்டரி, மோட்டார் எல்லாம் நல்லாருக்கு."

நான் தர்மாம்பாள் அத்தையின் பக்கம் திரும்பவே இல்லை. அவரே எழுந்து வந்தார். தரையிலிருந்து ஒரு மணியை எடுத்து நகத்தால் உரித்துப் பார்த்தார்.

"இது என் நெல்லு. என் தார்ப்பா." நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "ஒதறப் போன புள்ள கையில தட்டுனதும் நாந்தான். சார், எழுதிக்கிங்க. காத்தாயி ஓட்டுறது கோயில் தேரு மாதிரி. நான் பாத்திருக்கேன்." பிறகு அம்மாவைப் பார்த்து, "தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தியா? இருடி ஒன்ன" என்றார்.

அம்மா அழுதுவிட்டாள். சார் செருப்பை உதறிக்கொண்டே, "மன்னிச்சுக்கங்கம்மா. பொங்கல் வரைக்கும் பாப்போம். இன்னொரு தடவ நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

நவம்பர் 19

வயர் மாற்றி, மேலே டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். இனித் தார்ப்பாய் இல்லை. மழையில் நனைந்தால் நனையட்டும். ஓடுகிற வண்டி நனையாமலா ஓடுகிறது? மழை இல்லாத மாலைகளில் முன் மூடியைத் திறந்து வைக்கிறேன். வெளிச்சம் பட்டால் எலி தங்காது. மண்ணில் நிற்காமல் செங்கல் பரப்பி மேடாக்கினோம்.

வண்டிக்குப் பக்கத்தில் மீரா உசேன் மாமா ஆட்டுக்கு வைக்கோல் போட்டிருந்தார். போய், "மாமா, இத அந்தப் பக்கம் மாத்திக்கிறீங்களா?" என்றேன். அவர் கடைக்குள் திரும்பி மாமியைக் கூப்பிட்டார்: "ஹபீபு, இங்க வா! வண்டிக்குத்தான் வாயில்ல, வண்டிக்காரி மவளுக்கு வந்துருச்சு!"

வைக்கோல் மாறிவிட்டது.

நவம்பர் 29

புயல் மழை. வாய்க்கால் நிரம்பித் தெருவுக்கு வந்துவிட்டது. நனைவது வேறு, மூழ்குவது வேறு. பேட்டரி அடியில் இருக்கிறது. தண்ணீர் செங்கல்லைத் தொடுவதற்குள் எடுக்கச் சொன்னேன். எங்கே? ஊர் மாடுகளையெல்லாம் ஆற்றங்கரை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அவற்றின் பின்னாலேயே வண்டியை விட்டாள். சத்தம் இல்லாததால் மாடுகள் மிரளவில்லை. இப்போது கரையில் மாடுகளுக்கு நடுவில் நிற்கிறது. ஒரு செவலைப் பசு கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கிறது. நக்கட்டும்.

ஜனவரி 18

வண்டி எங்களுக்கே. நெடுமாறன் சார் பொங்கலுக்கு மறுநாள் போனில் சொன்னார். போனை எடுத்தது நான்.

கொட்டகைக்குத் தகரம் வருகிறதாம். அம்மா நடவுப் புடவையைக் கிழித்து வண்டி துடைக்கிற துணியாக்கிவிட்டாள்.

ஜனவரி 27

திருவையாறு குழுவுக்கும் ஒரு வண்டி வரப்போகிறது. எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா ஓட்ட, போனேன். பேசினேன். காய்ச்சல் வரவில்லை.

பிப்ரவரி 11

அறுப்புக் காலத்தில் மழை. யாரும் எதிர்பார்க்கவில்லை. விடியற்காலையில் தகரத்தில் சடசடவென்று சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். வாசலுக்கு வந்தால், புதுக் கொட்டகைக்குள் வண்டி இல்லை. வெளியே, பழைய இடத்தில், செங்கல் மேட்டில் நனைந்துகொண்டு நின்றது. கொட்டகை முழுக்க நெல். கொள்முதலுக்காக ரோட்டோரம் குவித்திருந்ததை, தர்மாம்பாள் அத்தை வீட்டார், மீரா உசேன் மாமா, இன்னும் நாலு வீட்டார் கூடை கூடையாக அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியை வெளியே எடுத்து விட்டதே அம்மாதான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூடையை இறக்காமலேயே சொன்னாள்: "நெல்லு நனைஞ்சா மொளச்சுரும்டி. வண்டி மொளைக்குமா?"

நானும் ஒரு கூடை எடுத்தேன். எல்லாம் உள்ளே வந்த பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினேன். சார்ஜ் வாயின் மூடி இறுக்கமாக இருந்தது. கண்ணாடி ஏறியிருந்தது. பக்கத்தில் ஒரு வைக்கோல்கூட இல்லை. தண்ணீர் செங்கல்லுக்குக் கீழேயே வடிந்து ஓடியது.

உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு படுத்தேன். மழை விடவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.