விலை கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள்

ஆடி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. ஷெட்டில் ஒரு தகரம் தடதடக்கிறது. ஆணி வாங்க வேண்டும்.

மகள் சுமதி நேற்று வந்து போனில் வியாபாரத்துக்குப் பக்கம் ஒன்று ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு சரவணம்பட்டிக்குத் திரும்பிவிட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அவளைப் பார்க்கவே ஞாயிறு வர வேண்டும். போகும்போது பாடம் வேறு. தினமும் ஏதாவது போட வேண்டுமாம், வீடியோ சிறியதாக இருக்க வேண்டுமாம், கேட்பவர்களுக்கு உடனே பதில் சொல்ல வேண்டுமாம். எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதவில்லை. லேத் ஓட்ட எனக்கு யார் பாடம் எடுத்தார்கள்? பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். இதுவும் பிடிபடும்.

நிலவரம்: தேங்காய் துருவும் மெஷின் பெட்டிகள் ஷெட் ஜன்னலை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கின்றன. காந்திபுரம் கடைகளில் ஒருவரும் எடுப்பதில்லை. கூட்டாகத் தொழில் செய்தபோது ஆர்டர் பிடிப்பது மச்சினன் வேலை, மெஷின் செய்வது என் வேலை. பிரிந்தபோது கடைகளைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது அந்த அலமாரிகளில் அவன் பெயர் போட்ட மெஷின். வடிவம் என்னுடையது. வீட்டில் சொன்னால் எடுபடாது. அவள் தம்பியாயிற்றே.

ஷெட் அவள் பெயரில், அவள் அப்பா கொடுத்தது. குடோனுக்கு வாடகைக்குக் கேட்டு ஒரு பார்ட்டி வருகிறதாம். கொண்டு வருவதும் மச்சினன்தான். சோறு போடும்போது வீட்டில் சொன்னது: "ஆடி முடியறதுக்குள்ள அந்த ஜன்னல் தெரியட்டுங்க. தெரிஞ்சா நீங்களே நடத்துங்க. இல்லீன்னா வாடகைக்குக் குடுத்துப்போடலாம்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ஆடி 7, புதன்

காற்று. ஆணி வாங்க மறந்தாயிற்று.

முதலில் என் படம் போட்டேன். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. சொந்தக்காரர்கள் எல்லாம் லைக். விலை கேட்டவர் ஒருவருமில்லை. அடுத்து மெஷின் படம். அதற்கு லைக்கும் இல்லை.

செல்வி ஷெட்டில் மெஷின் பாகங்களைப் பூட்டுகிறவள். போன் பிடித்தால் கை நடுங்காது, அதனால் வீடியோவும் அவள்தான். "ஏனுங்ணா, உங்க மூஞ்சியப் பாத்தா யாரு தேங்கா வாங்குவாங்க? தேங்காயக் காட்டுங்க" என்றாள்.

காட்டினோம். பேச்சில்லை, பாட்டில்லை. மூடி சுற்றும் சர்ர் சத்தம், தட்டில் பூ விழுவது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பார்த்திருக்கிறார்கள்.

ஏன் என்று யோசனை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்தவர்கள் போட்டதைப் பார்த்துக்கொண்டே என் விரலைக் கவனித்தேன். "வணக்கம் நண்பர்களே" என்று எவன் ஆரம்பித்தாலும் தள்ளிவிடுகிறது. எண்ணெயில் ஏதாவது பொரிகிற சத்தம் வந்தால் நிற்கிறது. வாங்குகிறவன் விரலும் இதே விரல்தானே.

ஆடி 10, சனி

தலைப்பில் # அடையாளம் போட்டு 'தேங்காய்' என்று எழுதினால் தேடுகிறவர்கள் வருவார்கள் என்றாள் மகள் சு. போட்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முடி வளர்க்கிறவர்கள். தேங்காய்ப்பால் எடுக்க முடியுமா, தலைக்குத் தேய்க்கலாமா. 'துருவல்', 'குழம்பு' என்று மாற்றியபின் சமையல்காரர்கள் வருகிறார்கள். சொல்லை மாற்றினால் ஆள் மாறுகிறது. வேடிக்கைதான்.

விலையை வெளியே போடுவதில்லை. மச்சினன் பார்த்தால் கொஞ்சம் குறைத்துப் போடுவான். 'விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்' என்று போட்டிருக்கிறேன். அப்படிப் போட்டால் யாருக்கும் பிடிக்காது என்கிறாள் சு. எனக்கும் பல விஷயங்கள் பிடிப்பதில்லை.

வருகிறார்கள். அன்னூர்க்காரர் ஒருவர் வாங்கினார். அவிநாசி அம்மா ஒருவர். கோபி ஒன்று. மதுரை, தஞ்சாவூர், விழுப்புரம் மூவரும் விலை கேட்டுவிட்டு ஓட்டம்.

ஆடி 14, புதன்

தூறல், காற்று. ஆணி அடித்தாயிற்று. இப்போது அடுத்த தகரம்.

ஓட்டம் தொடர்கிறது. கரூர் தாண்டி ஒருவர்கூட நிற்பதில்லை. பொள்ளாச்சி நிற்கிறது, பல்லடம் நிற்கிறது. கடலூர் ஓடுகிறது. இதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

தூரத்துக்காரர்கள் பார்சலில் உடையும் என்று பயப்படலாம். பெட்டியை மேஜை மேலிருந்து தள்ளிவிட்டு, பிரித்து, ஓட்டிக் காட்டி வீடியோ போட்டோம். நிறையப் பேர் பார்த்தார்கள். ஓடுகிறவர்கள் ஓடினார்கள். போடும் நேரம் சரியில்லையோ என்று காலைக்கு மாற்றினேன். அதே கதை. மச்சினன் ஏதாவது சொல்லிவைத்திருப்பானோ? விழுப்புரம்வரை அவனுக்கு யாரைத் தெரியும்? இருந்தாலும் அதைத் தள்ளிவிட முடியாது.

என் பக்கம் குறை வைக்கவில்லை. கேட்ட உடனே பதில் போடுகிறேன். மரியாதையாக 'ஏனுங்க' என்று கூப்பிடுகிறேன். அந்தப் பக்கம் 'சொல்லுங்க' என்று வந்தால் மேலே சொல்ல வேண்டியது. வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, உள்ளிருந்து குரல் வருமுன் கதையை ஆரம்பிப்பது என்ன வழக்கம்? அன்னூர்க்காரர் அழகாக 'சொல்லுங்ணா' என்றார். விழுப்புரம் பார்த்திருக்கிறார், பார்த்ததற்கு அடையாளம் விழுந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. வீட்டில் கலந்த சாதம் நான்கு வகை. சு. வந்திருந்தாள். மச்சினனையும் அழைத்திருந்தாள் அவன் அக்கா. என்னைக் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு ஷெட் வாசலில் நின்று கண்ணாலேயே நீள அகலம் அளந்தான். "ஏனுங்க மாமா, உங்க ரீல்ஸ் எல்லாம் பாத்தனுங்க. நல்லா இருக்குதுங்க. எங்க கம்பெனில எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க."

எலுமிச்சை சாதத்தில் உப்பு கூட.

சு. இன்பாக்ஸைக் காட்டச் சொன்னாள். என் கடைக்கு வந்தவர்களிடம் நான் பேசுவதை இன்னொருவர் எதற்குப் பார்க்க வேண்டும்? காட்டவில்லை.

ஜன்னல் இன்னும் தெரியவில்லை.

ஆடி 21, புதன்

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

சங்கரன்கோவிலில் மெஸ் நடத்துகிற அம்மா ஒருவர் காலையில் விலை கேட்டார். 'ஏனுங்க' என்று போட்டேன். இவரும் ஓடுவார் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. பதில் வந்தது: 'ஏன்னா கேக்கீங்க? தேங்கா துருவத்தான் அண்ணாச்சி.'

திரும்பத் திரும்பப் படித்தேன். விளங்கவில்லை. செல்வியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து சிரிக்கிறாள், நிறுத்த முடியவில்லை. "அண்ணா, அவிய வெல கேட்டாங்க, நீங்க எதுக்குன்னு கேட்டிருக்கீங்க" என்கிறாள்.

உடனே அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். நாங்கள் ஒருவரை அழைப்பதே அப்படித்தான், ஏன் எதற்கு என்று அர்த்தமில்லை என்று விளக்கினேன். "அப்படியா அண்ணாச்சி? சண்டைக்கு வாரீங்கன்னுல்லா நெனச்சேன். வெல கேட்டவள ஏன்னு கேட்ட கடைக்காரர இப்பத்தான் பாக்கேன்." அவரும் சிரித்தார். மெஸ்ஸுக்கு ஒன்று, தங்கை வீட்டுக்கு ஒன்று, இரண்டு அனுப்பச் சொன்னார். வைக்கும்போது கேட்டார்: "அப்போ மத்தவங்க எல்லாம் கோவிச்சுட்டுல்லா போயிருப்பாங்க?"

மதுரை. தஞ்சாவூர். விழுப்புரம். கடலூர். ஒவ்வொருவரிடமும் 'விலை என்ன?' 'ஏனுங்க'. 'விலை என்ன?' 'ஏனுங்க'. வேற்றூர்க்காரன் கண்ணால் படித்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

என் தப்பு என்று எழுத மாட்டேன். எழுத்தின் தப்பு.

ஆடி 23, வெள்ளி

சு.விடம் செல்வி சொல்லிவிட்டாள். காலையிலேயே போன். "அப்பா, அந்த ஏனுங்கவ விட்டுப்போட்டு மொதல்ல வெலயச் சொல்லுங்க."

விடமாட்டேன், கண்ணு, என்றேன். கூப்பிடாமல் விலை சொல்ல நான் என்ன தராசா?

ஆனால் மண்டைக்குள் குடைகிறது. வாயால் சொல்லும்போது யாரும் தப்பாக எடுத்ததில்லை. வடக்கத்திக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். எழுதினால் ஏன் சண்டையாகிறது? செல்வியை இரண்டு விதமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கேள்வியாகச் சொன்னால் முதலெழுத்தில் ஒரு குத்து. கூப்பிட்டால் கடைசியில் ஒரு இழுப்பு, கொஞ்சம் குழைவு. அந்த இழுப்புக்கு எழுத்தில்லை.

அப்படியானால் குரலாகவே அனுப்பினால்?

முதலில் சரியாக வரவில்லை. இருமல், தகரச் சத்தம், நடுவில் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்ட சத்தம். கடைசியில் வந்தது. 'ஏனுங்க, பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து பேசறனுங்க. அன்னைக்கு நான் ஏன்னு கேக்கலீங்க, உங்களக் கூப்பிட்டனுங்க.' ஓடியவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாகப் பேசி அனுப்பினேன். விலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சு. சொன்னதற்காக இல்லை. குரலில் சொன்ன விலையை மச்சினன் தேடிப் பிடிக்க முடியாது.

ஆடி 26, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

விழுப்புரத்துக்காரர் பேசி அனுப்பியிருந்தார்: "சார், நான் என்ன தப்பா கேட்டுட்டேன்னு ரெண்டு நாளா யோசிச்சேன் சார்." பாவம். வாங்கினார். கடலூர் வாங்கினார். மதுரை கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். தஞ்சாவூர் என்னைத் தடுத்து வைத்திருக்கிறார், எதுவும் போவதில்லை. அவரிடம் சொல்ல வழியே இல்லை. மற்றவர்களைவிட அவர்தான் மனதில் நிற்கிறார்.

இதையே வீடியோவாக்கினோம். செல்வி கேட்டில் நின்று கூப்பிடுகிறாள், நான் துருவிக்கொண்டே 'சொல்லு அம்மணி' என்கிறேன். அதற்குக் கீழே ஒரே சண்டை. எங்கள் ஊரில் ஏலே என்போம் என்கிறார் ஒருவர், இதென்ன தமிழ் என்கிறார் இன்னொருவர், திருப்பூர்க்காரர் ஒருவர் எனக்காக மல்லுக்கட்டுகிறார். சண்டைக்கு வந்தவர்கள் அப்படியே மெஷின் விலையும் கேட்கிறார்கள். முடிக்காரர்கள் உட்பட.

ஜன்னலின் மேல் கம்பி தெரிகிறது. வீட்டில் காபி கொண்டு வந்தவள் பார்த்தாள். "ஒரு கம்பிதானுங்களே" என்று போய்விட்டாள்.

ஆடி 30, வெள்ளி

வெயில். பார்சல் வண்டி இரண்டு முறை வந்து போயிற்று. பெட்டி ஒட்டும் டேப் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜன்னல் பாதிக்கு மேல் தெரிகிறது. தெரிய வேண்டும் என்றாளே தவிர முழுக்க என்று சொல்லவில்லை. இதைச் சொல்லத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. மத்தியானம் அவளே ஷெட்டுக்கு வந்து, மிச்சம் இருந்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, துருப்பிடித்த கொக்கியைத் தட்டித் தட்டி எடுத்து ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்து துருவலைப் பறக்கவிட்டது. பக்கத்திலேயே நின்றாள்.

அந்த ஜன்னலிலிருந்து கேட் தெரியும் என்பதே மறந்து போயிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு கார். மச்சினன், கூடவே கையில் அளக்கிற டேப் வைத்துக்கொண்டு ஒரு ஆள்.

"ஏனுங்க மாமா" என்று கூப்பிட்டான்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, பார்ட்டி வந்திருக்காங்க."

ஜன்னல் வழியாகக் கேட்டேன்: "ஏன்?"